சரக்கை மாற்றிய சேல்ஸ் அண்ணன்

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலோ, அறந்தாங்கி, ஆலங்குடி கடைத்தெருவிலோ ஒரு மாடிப்படியோரம் ‘வெல்னஸ் சென்டர்’ என்று போர்டு தொங்கினால், மேலே உட்கார்ந்திருப்பவர் ஊருக்குப் புதியவராக இருக்கமாட்டார். சில வருடங்களுக்கு முன் வீடு வீடாக வாட்டர் பியூரிபையர் விற்றவர். அதற்கு முன் சிம் கார்டு, அதற்கும் முன் இன்ஷூரன்ஸ். பைக் அதேதான், தோள்பை அதேதான், “ரெண்டே நிமிஷம்ணே” என்று தொடங்கி முக்கால் மணி நேரம் உட்காரும் பழக்கமும் அதேதான். விசிட்டிங் கார்டு மட்டும் புதுசு. பெயருக்கு முன்னால் ‘ஹீலர்’, பின்னால் யாருக்கும் விரித்துச் சொல்லத் தெரியாத நான்கைந்து எழுத்துகள், கீழே பொடி எழுத்தில் ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆலோசகர்’. எங்கிருந்து எங்கே போய்விட்டார் என்று ஊர் வியக்கிறது. என் கட்சி வேறு. அவர் எங்கும் போகவில்லை. அன்றைக்கும் நம்பிக்கையை விற்றார், இன்றைக்கும் அதையே விற்கிறார், சரக்குதான் மாறியிருக்கிறது. இது விளங்கினால், அவரை எதற்கு மெச்சலாம், எந்த இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தவேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

முதல் சாட்சி, தண்ணீர். பியூரிபையர் விற்கப் போன வீடுகளில் நம் அண்ணன் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, இரண்டு கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுப்பார். தண்ணீர் செம்பழுப்பாகும். “இதைத்தான் அப்பத்தா தெனமும் குடிக்கிறீக” என்றதும் வீடே கலங்கிப்போகும். உண்மையில் கரைந்தது கம்பியிலிருந்த இரும்பு. வடிகட்டிய தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் சரியாக ஓடாது, ஆகவே நிறமும் மாறாது. இன்றைக்கு அதே அப்பத்தாவின் கால்கள் உப்புப் போட்ட வெதுவெதுப்பான தொட்டியில் இருக்கின்றன. உள்ளே அதே மாதிரி கம்பிகள், அதே கரண்ட், அதே செம்பழுப்பு. “பாத்தீகளா, உடம்புல இருந்த டாக்ஸின் பூரா எறங்குது” என்கிறார் அண்ணன். காலை எடுத்துவிட்டுத் தொட்டியைத் தனியாக ஓடவிட்டாலும் தண்ணீர் பழுப்பாகத்தான் செய்யும். அன்று குழாயில் இருந்த அழுக்கு இன்று அப்பத்தாவின் உடம்புக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இரண்டு தொழிலிலும் மனசாட்சியோடு உழைத்துத் தேய்ந்தது கம்பி ஒன்றுதான். இது போதாதவர்களுக்கு ‘குவாண்டம் அனலைசர்’ இருக்கிறது. ஓர் உலோகத் தண்டை உள்ளங்கையில் பிடித்தால் போதும், ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல் கல்லீரலிலிருந்து கால்சியம்வரை பக்கம் பக்கமாக ரிப்போர்ட் வந்துவிடும். அதில் எந்தக் குறை வந்தாலும் அதற்கான டப்பா அண்ணன் பையிலேயே இருக்கும் என்பதுதான் அந்த இயந்திரத்தின் அசல் அற்புதம்.

இந்தப் பாதையை முதலில் வெட்டியவர் அவர் அல்ல. கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போவதாகக் கூட்டம் சேர்த்து, சண்டையை விடாமலே லேகியத்தை விற்றுத் தீர்த்தவர்கள் நம் சந்தைகளில் இருந்தார்கள். கடல்தாண்டிப் போனால், அமெரிக்காவில் டி. டி. பாமர் என்பவர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார், தேனீ வளர்த்தார், மளிகைக்கடை வைத்தார், பிறகு காந்த சிகிச்சை செய்தார். 1895-ல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் ஊரில் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக்கைத் தொடங்கினார். மகன் பி. ஜே. பாமர் அதை ஊருக்கெல்லாம் கொண்டுபோகும் பொறுப்பை எடுத்துக்கொண்டு, 1922-ல் ஒரு ரேடியோ நிலையத்தையே விலைக்கு வாங்கினார். பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன் அறிவிப்பாளராகத் தொழில் பழகியது அந்த நிலையத்தில்தான். வியாபாரம், வைத்தியம், விளம்பரம் என்ற வரிசை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே முழுசாகத் தயார். நல்ல சரக்குக்கும் இதே சாமர்த்தியம் உதவியிருக்கிறது. 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், சங்கீதக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார் என்பார்கள். ஆக, விற்கும் வித்தையில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. விற்கப்படுவது எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

“அதெல்லாம் சரி, அங்கே போய்வந்தவர்களுக்கு வலி குறைகிறதே?” என்று கேட்பார்கள். குறைகிறது, அதை மறுக்கவேண்டியதில்லை. முதுகுவலிகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே தணிபவை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் மாடிப்படி ஏறுவார். அதற்குப் பிறகு அது இறங்கித்தான் ஆகவேண்டும், பேரை அண்ணன் வாங்கிக்கொள்கிறார். மருந்தில்லாத மாத்திரையும் சிலருக்கு ஆறுதல் தரும் என்று ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் 1955-லேயே எழுதியது வைத்திய உலகம் அறிந்த சங்கதி. இவற்றைவிடப் பெரிய காரணம் அண்ணனின் காது. ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டோடு வரிசையில் நின்று உள்ளே போனால், டாக்டர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார். அண்ணனோ மூட்டுவலியில் தொடங்கி மருமகள் வைத்த குழம்பு, பங்காளியோடு வரப்புத் தகராறு, சிங்கப்பூரிலிருந்து போன் செய்யாத மகன் என எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்கிறார். டார்கெட்டுக்காகப் பழகிய பொறுமைதான் அது. ஆனாலும் பொறுமை பொறுமைதானே. மருத்துவம் கொடுக்கத் தவறிய ஒன்றை அவர் கொடுக்கிறார். கேட்டது இலவசம், டப்பாவுக்குத்தான் காசு என்பதால், அப்பத்தா காசு கொடுத்தது எதற்கு என்பது இருவருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

“பிழைக்க வழியில்லாமல் செய்கிறார், அவரைப்போய்க் கேலி செய்யலாமா?” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. விராலிமலைப் பக்கம் சில தொழிற்சாலைகளை விட்டால், வானம் பார்த்த பூமிதான் மாவட்டத்தில் அதிகம். பட்டத்தோடு நிற்கும் பையனுக்கு உள்ளூரில் எளிதாகக் கிடைப்பது மாதக் கடைசியில் மேனேஜர் திட்டும் சேல்ஸ் வேலை. அதிலிருந்து தப்பித்து, சொந்தமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார ஆசைப்பட்டது குற்றமில்லை. கொடுமை என்னவென்றால், அந்த டப்பாக்களை விற்கும் ஆள்சேர்ப்புச் சங்கிலியில் முதலில் ஏமாந்த வாடிக்கையாளரே அவர்தான். ‘ஐடி போட’ப் பணம் கட்டினார்; பெட்டி பெட்டியாக எடுத்த பவுடர் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது; மச்சான், சகலை, முடிவெட்டுகிற அண்ணன் எல்லோரையும் டவுன்லைனில் சேர்த்தாயிற்று, இப்போது விசேஷ வீட்டில் அவரைப் பார்த்ததும் சொந்தக்காரர்கள் பந்தியை மாற்றி உட்காருகிறார்கள். சேருவதற்குப் பணம் வாங்கக்கூடாது, ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பிரமிடு முறை கூடாது என்று 2021-ன் நேரடி விற்பனை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆனால் விதியை அவருக்கு யாரும் டெமோ காட்டவில்லை. ஆள் தீர்ந்ததும் மூன்றாம் அவதாரம் தொடங்குகிறது: ‘ஹீலர் ஆவது எப்படி?’ என்று ஆன்லைன் வகுப்பு, ரீல்ஸ், ‘முதல் ஐம்பது பேருக்குக் கட்டணச் சலுகை’. சிகிச்சையில் வராத காசு, சிகிச்சை சொல்லிக்கொடுப்பதில் வருகிறது.

இதுவரை சிரிக்கலாம். “அந்த மாத்திரைய நிறுத்திப் பாருங்களேன்” என்று அவர் சொல்லும் இடத்தில் சிரிப்பு நிற்கவேண்டும். காலைத் தொட்டியில் வைத்தவருக்குக் காசுதான் நஷ்டம். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தியவருக்குப் போவது சிறுநீரகம், கண், சிலசமயம் உயிர். 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு தாய் இறந்தது இந்த வகை நம்பிக்கையின் விலை. நீரிழிவையும் புற்றுநோயையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே சட்டம் இருக்கிறது. அண்ணன் அதில் சிக்கமாட்டார். ‘குணமாகும்’ என்று எழுதாமல் ‘மாற்றத்தை உணர்வீர்கள்’ என்று எழுதுவார். 1886-ல் இதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் போராடி இடம்பிடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்றார். அந்த ஊரில் வார இறுதிச் சான்றிதழைச் சட்டம்போட்டு மாட்டியவர் மாத்திரையில் கை வைப்பதை வட்டாரப் பெருமை என்று விட்டுவிட முடியாது.

அவரைத் துரத்திவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது, அந்த மாடிக்கு இன்னொரு போர்டு வரும். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. வந்ததைத் தவறாமல் விழுங்கவைப்பதுதான் இப்போது பெரும்பாடு. உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றினால் மாத்திரை அலமாரியில் தூங்கும். அதை எழுப்ப மருந்து தெரிந்தவர் மட்டும் போதாது. பேசத் தெரிந்தவரும் வேண்டும். கறம்பக்குடிச் சந்துவரை வழி தெரிந்து, எந்த வீட்டில் யாருக்கு என்ன மனக்குறை என்பதும் தெரிந்து, ஆயிரக்கணக்கில் விலைபோட்ட பவுடரை வாங்கவைத்தவருக்கு, இலவச மாத்திரையைச் சாப்பிடவைப்பதா கஷ்டம்? தோள்பையில் சரக்கை ஒருமுறை மாற்றியவர் இன்னொரு முறையும் மாற்றுவார். “கமிஷன் எவ்வளவுண்ணே?” என்று கட்டாயம் கேட்பார். கேட்கட்டும், ஒரு கிட்னியைக் காப்பாற்றிக் கொடுப்பவருக்கு மாதச் சம்பளமும் பயணப்படியும் கொடுப்பதில் அரசாங்கத்துக்கு நஷ்டமே வராது.