கடுகு டப்பா

வா மருமகனே, உக்காரு. அந்த மூலையில வேண்டாம், பூனை படுத்திருக்கு. இந்த வீட்டுல நிம்மதியாத் தூங்குற ஒரே சீவன் அது, எழுப்பிறாத.

மைக்செட்டுக்காரன் விடியுமுன்ன வந்துட்டான். மார்கழி நாலரை மணிக்குக் கோயில்ல பாட்டுப் போட்டானாம், நீ சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போயி ஒயரைப் புடுங்கிட்டியாம். போலீசுக்குப் போறேன்னு குதிச்சான். "ஏப்பா, ஊர்ல பாதிப் பேரு மனசுக்குள்ள புடுங்குறத அவன் கையால புடுங்கிட்டான், விடு"ன்னு சொல்லி அனுப்புனேன். ரெண்டு காபி செலவு. உன் பேருல எழுதி வச்சிருக்கேன்.

உனக்குப் பாட்டு மேல கோவம் இல்ல, எனக்குத் தெரியும். முப்பது மார்கழியா அந்தப் பாட்டுக்கு அடியில உன் வாசல்ல வாளிச் சத்தம் கேட்டுச்சு. சாணி தெளிச்சு, கோலம் போட்டு, பிள்ளையார் புடிச்சு, பூசணிப்பூவைக் குத்தி வைப்பா எங்க வீட்டுப் பொண்ணு. இந்த வருசம் பாட்டு மட்டும் வந்துச்சு, வாளி வரல. ஒயரு என்ன செய்யும், பாவம்.

இன்னொண்ணும் காதுல விழுந்துச்சு. சாமி படத்தையெல்லாம் சாக்குல கட்டிப் பரண்ல ஏத்திட்டியாமே? முருகன், மாரியாத்தா, யாரோ குடுத்த வேளாங்கண்ணி மாதா, அம்புட்டுப் பேரும் ஒரே சாக்குலயாம். சாதி மதம் பாக்காமக் கட்டுனதுக்கு உன்னைப் பாராட்டணும். ஆனா ஒண்ணு கேக்கணும். சாக்குக்குள்ள அந்துருண்டை போட்டியாமே, எதுக்கு? இல்லாத சாமியப் பாச்சை அரிச்சா என்ன, எலி கடிச்சா என்ன?

சரி சரி, மொறைக்காத. உன் வழக்கு என்னன்னு எனக்குத் தெரியும். வைகாசியில உனக்குக் கண்ணு ஆபரேசன். அவ இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டா. பார்வை வந்துச்சு. ஐப்பசியில நெஞ்சு வலிக்குன்னு சுவத்துல சாஞ்சவ, சாஞ்சவதான். "கண்ணைக் குடுத்தது இதைப் பாக்கவா?"ங்கிற. கேள்வி நல்ல கேள்விதான். பதில் இருக்குன்னு சொல்றவன் வந்தா நாயை அவுத்து விடு.

கேதத்துக்கு வந்த ஆளுகளைத்தான் சொல்றேன். ஒருத்தன் விதின்னான். ஒருத்தன் கருமம்னான். உன் பெரிய மச்சான் வெத்தலையக் குதப்பிக்கிட்டே, "நல்லவுகள ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்கிருவான்"னான். எனக்கு வயசு 78. எதுக்க உக்காந்திருந்த என்னை ஒரு நிமிசம் பாத்தான், வெத்தலையத் துப்பப் போயிட்டான்.

ஆனா மருமகனே, சாமியக் கேள்வி கேட்ட மொத ஆளு நீதான்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரியுறியே, அதுதான் எனக்குப் பொறுக்கல. தமிழ் வாத்தியாரை டீக்கடையில புடிச்சுக் கேட்டேன். புறநானூறுல 194ஆம் பாட்டாம், பாடுனவரு பக்குடுக்கை நன்கணியாராம். ஒரு வீட்டுல சாவு மேளம், இன்னொரு வீட்டுல கலியாண மேளம். ஒருத்தி தலையில பூவு, ஒருத்தி கண்ணுல தண்ணி. இப்படி ஒரு ஒலகத்தைப் படைச்சவன் பண்பு கெட்டவன்னு பச்சையாவே சொல்லிட்டாராம். ரெண்டாயிரம் வருசப் பழசு மருமகனே உன் கோவம். அதைப் போயிப் புதுச் சட்டை மாதிரி போட்டுக்கிட்டு அலையுறே. அந்த ஆளு திட்டுனதோட எந்திரிச்சுப் போகலையாம். ஒலகம் கொடுமைதான், தெரிஞ்சவன் அதுல இனிக்கிறதப் பாத்துக்கிடணும்னு முடிச்சிருக்காராம்.

245ஆம் பாட்டு சேர ராசா ஒருத்தரு பாடுனதாம், மாக்கோதைன்னு பேராம். பெண்டாட்டியச் சிதையில வச்சுட்டு வந்து, அவ போன பெறகும் நான் உசுரோட இருக்கேனே, இது என்ன துக்கம்னு தன்னையே நொந்துக்கிட்டாராம். நீயும் அதைத்தானே பொலம்புறே? "சோறு எறங்குது மாமா, வெக்கமா இருக்கு"ன்னியே. ராசாவுக்கே எறங்கியிருக்கு. நீ எந்த ஊரு ராசா?

சாமி இல்லைன்னு சொல்லிட்டா துக்கத்துல தள்ளுபடி கெடைக்கும்னு நெனச்சியோ என்னமோ. ஈரோட்டுப் பெரியாரைப் பாரு. 1933 மே மாசம் நாகம்மையார் போயிட்டாக. 'குடி அரசு' பத்திரிகையில அவரே எழுதுனாரு, எனக்கு இது போச்சா, அது போச்சான்னு அடுக்கி அடுக்கி. சாமி பக்கமே தலைவச்சுப் படுக்காத மனுசனுக்கும் அதே வெலைதான் போட்டிருக்கு. அந்தப் பக்கம் சுந்தரரைப் பாரு, சிவனுக்குத் தோழரு. திருவொற்றியூர்ல சங்கிலியாருக்குக் குடுத்த வாக்கை மீறிக் கெளம்புனதுக்கு ரெண்டு கண்ணும் போச்சு. காஞ்சிபுரத்துல ஒரு கண்ணு, திருவாரூர்ல ஒரு கண்ணுன்னு தவணையிலதான் திரும்புச்சு. சும்மாவா வாங்குனாரு? சிவனை வாய்க்கு வந்தபடி ஏசுனாரு. அந்த ஏச்சைத் தேவாரத்துல சேத்து, இன்னைக்கும் சன்னதியில நின்னு ஓதுவாரு பாடுறாரு. சாமியும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு.

உன் சங்கடம் எங்க இருக்கு தெரியுமா? ஆம்பளையாப் பொறந்ததுல இருக்கு. கேத வீட்டுல பொம்பளைக என்ன செஞ்சாக? வட்டமா உக்காந்து, தோளுல தோளு போட்டு, மாரடிச்சு, எமனுக்குக் கண்ணில்லையா, தெய்வத்துக்குக் காதில்லையான்னு ஒண்ணு விடாமக் கேட்டாக. தொண்டை கட்டுற வரைக்கும் கேட்டாக. அடுத்த செவ்வாக்கெழமை அதே வாயால அதே மாரியாத்தாளுக்குக் குலவை போட்டாக. ரெண்டுக்கும் அவுகளுக்கு ஒரே வாயி போதும். நீயும் நானும் வெளிய பெஞ்சுல தோளுல துண்டைப் போட்டுக்கிட்டு, பந்தல்காரனுக்குக் காசு குடுத்தாச்சான்னு பேசிக்கிட்டிருந்தோம். அழுக வேண்டியத அழுகாம உள்ள போட்டுப் பூட்டுனே. அது புளிச்சுப்போயித் தத்துவமா வெளிய வருது.

உன் அத்தை போயி ஒம்பது வருசம் ஆச்சு. நான் மட்டும் என்ன, யோக்கியமா இருந்தேனா? அந்த வருசம் கோயில் வரி குடுக்க மாட்டேன்னுட்டேன். நாட்டாமை துண்டை ஒதறிப் போட்டுக்கிட்டு, "சாமியோட உமக்குச் சண்டைன்னா அது உங்க ரெண்டு பேரு பாடு. வரி ஊரு பாடு. எடும்"னாரு. குடுத்தேன். குடுத்த ஆத்திரத்துல ராத்திரி டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு ஊருக்கு வெளிய அய்யனார்கிட்டப் போனேன். ஒரு மணி நேரம் ஏசுனேன். அம்மாம் பெரிய கண்ணை முழிச்சுக்கிட்டு, மீசை துடிக்காமக் கேட்டுக்கிட்டிருந்தாரு. கலியாணம் ஆன நாளா நான் குறுக்குப் பேச்சில்லாமப் பேசுன மொத ஒரு மணி நேரம் அதுதான்.

பதில் வந்துச்சான்னு கேக்குறே. வரல. சாமி இருக்கா இல்லையான்னும் அன்னைக்கு வெளங்கல, இன்னைக்கும் வெளங்கல. ஆனா திரும்பி வரும்போது பசிச்சுது. மூணு மாசத்துல மொத மொதலாப் பசிச்சுது. கம்மாக்கரையில நின்னு, உன் அத்தை இருந்தா இந்நேரத்துக்கு என்ன வச்சிருப்பான்னு நெனச்சேன். அப்பத்தான் அழுகை வந்துச்சு.

அதனால கோயிலுக்கு வான்னு உன்னைக் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டாலும் நீ வரக்கூடாது. நம்ம சனத்துல வழக்கம் என்ன? கேதம் விழுந்த வீட்டுக்காரன் ஒரு வருசத்துக்குக் கோயில் படி ஏறமாட்டான். பொங்கல் கெடையாது, தீவாளி கெடையாது, காப்புக் கட்டு கெடையாது. தீட்டுன்னுதான் எல்லாரும் சொல்றாக. எனக்கு அப்படித் தோணல. நம்ம கெழடுகட்டைக வெவரமான ஆளுக. இந்த நேரத்துல இவனையும் சாமியையும் நேருக்கு நேரு விட்டா ரெண்டுல ஒண்ணு ஒடையும்னு, ஒரு வருசத்துக்கு ரெண்டு பேருக்கும் லீவு விட்டிருக்காக. நீ என்னமோ புரட்சி பண்ணுறதா நெனச்சுக்கிட்டு, ஆசாரத்தை வரி பிசகாமக் கடைப்பிடிச்சுக்கிட்டிருக்கே!

லீவுல ஒழுங்கா இரு. சாமி உண்டு, இல்லைன்னு இந்த வருசம் எந்தத் தீர்ப்பும் எழுதாத. நேத்து உன் வீட்டுப் பக்கம் வந்தேன். ரசம்னு ஒண்ணு குடுத்தே. குடிச்சேன், சொந்தம்னு ஒண்ணு இருக்குல்ல. "தாளிக்கலையா?"ன்னேன். "கடுகு எங்க இருக்குன்னு தெரியல"ன்னே. முப்பது வருசம் குடித்தனம் பண்ணுன வீட்டுல கடுகு எங்க இருக்குன்னு தெரியாதவன், கடவுள் எங்க இருக்காருன்னு கண்டுபிடிக்கக் கெளம்பிட்டான்! மொதல்ல கடுகைத் தேடு மருமகனே.

வெளையாட்டுக்குச் சொல்லல. அந்த டப்பாவுக்குள்ள ஒரு சங்கதி இருக்கு. வைகாசியில ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறதுக்கு மொத நாளு அவ இங்க வந்தா. "பெரியப்பா, வெள்ளிக் கண்மலர் சாத்துறதா வேண்டி, மஞ்சத்துணியில காசு முடிஞ்சு கடுகு டப்பாவுல போட்டிருக்கேன். அவுகளுக்குச் சொல்லிறாதீக, கேலி பண்ணுவாக"ன்னா. ஆடிக் கடைசி வெள்ளிக்குப் போகணும்னு இருந்தா. தூசியில கூட்டத்துல உன் கண்ணுக்கு ஆகாதுன்னு தைக்குத் தள்ளிப் போட்டா.

அந்த முடிச்சைப் பாத்து ஒடனே உருகிறாத. இருக்கன்குடிக்கு இப்பவே ஓடவும் வேண்டாம், லீவு இருக்கு. அடுத்த ஐப்பசி கழியட்டும். அப்பவும் சாமி மேல நம்பிக்கை வரலைன்னா தபால்காரனா நெனச்சுக்கிட்டுப் போ. தபால்காரன் காயிதத்துல இருக்குறத நம்பியா கொண்டு போறான்? எழுதுனவ எழுதிட்டா, மேல விலாசம் இருக்கு, கொண்டு சேக்கணும். வாங்குறதுக்கு அங்க ஆளு இருக்கா இல்லையாங்கிறது உன் கவலை இல்ல.

எந்திரிச்சிட்டியா? இரு, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நீ நெட்டைக்கொக்கு, மேல் தட்டுலயே தொழாவிக்கிட்டிருப்பே. அவ குட்டை. அந்த டப்பா அவ கைக்கு எட்டுற எடத்துலதான் இருக்கும். கொஞ்சம் குனிஞ்சு பாரு.