தம்பியைத் தேட வைக்காத செயலி

இந்த இதழில் அப்புத்தளைப் பக்கத்துக் கேள்விகள். எல்லாமே கைத்தொலைபேசியைச் சுற்றி வந்தவை.

கேள்வி: நல்ல செயலி என்றால் எது? சுருக்கமாகச் சொல்லுங்கள். (அப்புத்தளை நகர வாசகர்)

பதில்: தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கிவரும் ஓர் அக்கா, பக்கத்து லயத்துத் தம்பியைத் தேடாமல், ரகசிய இலக்கத்தை யாருக்கும் சொல்லாமல், தன் காரியத்தைத் தானே முடித்துக்கொண்டால் அது நல்ல செயலி. தம்பி தங்கமான பிள்ளையாகவே இருக்கலாம். அக்காவின் வங்கி மீதி அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: வேலை முடிந்து வந்து நான் தொட்டால் போன் கேட்பதில்லை. மகள் தொட்டால் உடனே திறக்கிறது. போனும் ஆள் பார்த்துத்தான் மரியாதை கொடுக்குமா? (தம்பேதென்ன வாசகி)

பதில்: ஆளைப் பார்ப்பதில்லை அம்மா, தோலைப் பார்க்கிறது. தொடுதிரையில் மெல்லிய மின்புலம் பரவியிருக்கிறது. விரல் பட்ட இடத்தில் அது கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தை வைத்துத்தான் நீங்கள் எங்கே தொட்டீர்கள் என்று போன் கண்டுகொள்கிறது. காய்த்து உலர்ந்த தோலில் அந்த மாற்றம் குறைவு. மழைத்துளி விழுந்தாலோ, யாரோ விரல் வைத்ததாகத் திரை ஏமாந்துவிடும். கையையும் திரையையும் துடைத்துவிட்டு, விரலின் சதைப்பகுதி நன்றாகப் படும்படி தொட்டுப் பாருங்கள்.

மீதி வேலை செயலி செய்கிறவருடையது. இலக்கு சிறுத்தாலும் தள்ளிப் போனாலும் கை அதை எட்டுவதற்கு அதிக நேரம் பிடிக்கும் என்று போல் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் அளந்தே காட்டிவிட்டார். ஆண்ட்ராய்டுக்கு எழுதுகிறவர்களிடம், பொத்தான் திரையில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும் என்கிறது கூகுள். அப்படியிருந்தும் 'அனுப்பு' என்பதையும் 'அழி' என்பதையும் அரிசி மணி அளவில் ஒட்ட வைக்கிறவர்கள் உண்டு. அவர்களை ஒரு நாள் கொழுந்துக் கூடையோடு மலைக்கு அனுப்பி, சாயங்காலம் அதே பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டும்.

கேள்வி: அடையாள அட்டை இலக்கத்தைச் சரியாகத்தான் போட்டேன். 'தவறு' என்று மட்டும் வந்தது. என்ன தவறென்று சொல்ல மாட்டேன் என்கிறது. (தியத்தலாவை வாசகர்)

பதில்: உங்களுடையது பழைய அட்டை என்று நினைக்கிறேன். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையில் 12 இலக்கங்கள். இலக்கங்களை மட்டும் காட்டும் விசைப்பலகையைத் திறந்துவிட்டுப் பழைய அட்டைக்காரரிடம் எழுத்தைக் கேட்டால் அவர் எங்கே போவார்? செயலி இரண்டு வகையையும் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால், எதை எப்படி மாற்ற வேண்டும் என்றாவது சொல்ல வேண்டும். 'தவறு' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பது வாத்தியாருக்கே அழகில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் அட்டை இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும், பிறந்தது அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆக, பிறந்த திகதி, ஆணா பெண்ணா என்ற இரண்டுமே இலக்கத்தைத் தட்டியதும் செயலிக்குத் தெரிந்துவிட்டன. அதன் பிறகும் நாட்காட்டியைத் திறந்து, இன்றைய திகதியிலிருந்து ஐம்பது வருடம் பின்னால் தள்ளிக்கொண்டு போகச் சொல்வது மனிதரின் நேரத்தை மதிக்காத வேலை. 'குடும்பப் பெயர்' கட்டாயம் என்பதும் அப்படித்தான். அப்பாவின் பெயரை முதலெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் நமக்குக் குடும்பப் பெயர் ஏது? வீட்டு இலக்கம் கட்டாயம் என்றால், லயத்தில் தனி இலக்கமே இல்லாமல், கடிதமெல்லாம் தோட்டத்து விலாசத்துக்கு வருகிறவர்கள் எதை நிரப்புவார்கள்?

கேள்வி: மூடுபனி இறங்கினால் எங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. பாதியில் நின்ற பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் தூக்கமில்லை. (இதல்கஸ்ஹின்ன வாசகி)

பதில்: பனியை விட்டுவிடுங்கள், அது போன் அலையைப் பெரிதாகத் தடுக்காது. தடுப்பது மலை. கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு முகடு வந்தால் வெயில் நாளிலும் இதே கதைதான்.

பணச் செயலி மூன்றில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: 'பணம் போய்விட்டது', 'பணம் போகவில்லை', 'இன்னும் தெரியவில்லை, திரும்ப அனுப்ப வேண்டாம்'. சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் இதில் எதையும் சொல்வதில்லை. பொறுமை இழந்து இரண்டாம் முறை அழுத்தினாலும் ஒரு முறைதான் பணம் கழிய வேண்டும். 2012இல் டயலொக் தொலைபேசி நிறுவனம் கொண்டுவந்த ஈசி கேஷ் பணச் சேவை சாதாரண பொத்தான் போனிலும் வேலை செய்தது: #111# தட்டினால் எண்ணிட்ட பட்டியல், முடிந்ததும் குறுஞ்செய்தி. படமும் இல்லை, டேட்டாவும் வேண்டாம். அந்தக் குறுஞ்செய்தி வந்தால்தான் மனம் அடங்கும்.

கேள்வி: எழுத்தே தெரியாத என் அம்மாவுக்கு ஏற்ற செயலி உண்டா? (பூனாகலை வாசகர்)

பதில்: அநேகமாக அம்மா அதை ஏற்கெனவே பாவிக்கிறார். வாட்ஸ்அப்பில் 2013 ஆகஸ்டில் வந்த குரல் செய்தி: அழுத்திப் பிடி, பேசு, விடு. வெளிநாட்டில் வேலை செய்யும் மகளிடம் எழுதாமலே பேச எத்தனையோ தாய்மாருக்கு அது வழிவிட்டது. தவறான பொத்தானை அழுத்திவிடும் பயத்தைக்கூட அது போக்கியது. வேண்டாமென்றால் விரலை இடப்பக்கம் இழுத்தால் போதும்.

கேள்வி: அரசாங்கம் எப்போதாவது இதை ஒழுங்காகச் செய்திருக்கிறதா? (பெரகலை முச்சக்கரவண்டி ஓட்டுநர்)

பதில்: செய்திருக்கிறது. 2022 ஜூலையில் வந்த எரிபொருள் பங்கீட்டு கியூ.ஆர். முறை உங்களுக்கே நினைவிருக்கும். அடையாள அட்டை, வண்டி இலக்கம், சேஸி இலக்கம் கொடுத்து ஒரு முறை பதிந்தால் போதும். வந்த சதுரத்தைக் காகிதத்தில் அச்சிட்டு வண்டியில் வைத்துக்கொள்ளலாம். ஸ்மார்ட்போன் தேவைப்பட்டது பம்ப் அடிக்கிறவருக்குத்தான், வரிசையில் நின்றவருக்கு அல்ல. கடினமான பாதியை நிலையத்தின் பக்கம் தள்ளியதுதான் அதன் கெட்டித்தனம். 2023 செப்டெம்பரில் அதை நிறுத்தினார்கள். அந்த யோசனையை மட்டும் நிறுத்தாமல் மற்றத் திணைக்களங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மண்சரிவு எச்சரிக்கைக்கும் செயலி வேண்டும் என்கிறார்கள். உதவுமா? (கொஸ்லந்த வாசகர்)

பதில்: மீரியபெத்தவுக்குப் பக்கத்திலிருந்து இதைக் கேட்கிறீர்கள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் அங்கே லயங்கள் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொன்னது, மக்கள் பாதுகாப்பான இடத்தில் குடியேறும் வரைக்கும் போய்ச் சேரவில்லை. அந்தக் குறையை எந்தச் செயலியும் தீர்க்காது. அதற்கு நிலமும் வீடும் வேண்டும்.

ஆனால் மழை கொட்டும் இரவில் வரும் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பது வடிவமைப்புக் கேள்விதான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழை 75, 100, 150 மில்லிமீட்டர் என்று ஏறுவதைப் பார்த்து மூன்று படிகளாக எச்சரிக்கிறது. அதிகாரிக்கு அந்த எண்கள் தேவை. இரண்டு பிள்ளைகளோடு லயத்தில் படுத்திருப்பவருக்கு முதல் வரியிலேயே வேண்டியது: 'இப்போதே வெளியேறுங்கள், பாடசாலைக்குப் போங்கள்.' அது தமிழில் வர வேண்டும். உள்நுழைவு, கடவுச்சொல் எதுவும் கேட்காமல், சத்தத்தை அணைத்து வைத்திருந்தாலும் அலற வேண்டும். பொத்தான் போனுக்கும் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். சிவப்பு நிறத்தை மட்டும் நம்பக்கூடாது, நிறமில்லாத திரைகள் இன்னும் இருக்கின்றன. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ ஒரே அழுத்தில் அழைக்க முடிய வேண்டும். இவ்வளவும் செய்தாலும் கோயில் ஒலிபெருக்கியையும் தயாராக வைத்திருங்கள்.

கேள்வி: பதுளையில் கணினி படிக்கிறேன். தோட்ட மக்களுக்காக ஒரு செயலி செய்கிறேன். நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (மாணவர்)

பதில்: நண்பர்களிடம் காட்டாதீர்கள், அவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். உங்கள் ஐந்து பேரில் கண்ணாடி போட்ட ஒரு தாத்தாவும், மலையிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஓர் அக்காவும் கட்டாயம் இருக்கட்டும். போனைக் கையில் கொடுங்கள், காரியத்தைச் சொல்லுங்கள், பிறகு வாயைத் திறக்காதீர்கள். அவர் தடுமாறும்போது 'இங்கே அழுத்துங்க' என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். அடக்குங்கள். அந்த இடத்தில்தான் உங்கள் செயலி பழுது. அதைக் குறித்துக்கொண்டு, திருத்திவிட்டு, அதே லயத்துக்குத் திரும்பப் போங்கள். முடிந்தபின் எங்களுக்கும் எழுதுங்கள்.