பிறந்தநாளுக்கும் மொய் நோட்டா?

கேள்வி: மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். இந்த மாதம் மட்டும் வாட்ஸ்அப்பில் நாலு பிறந்தநாள் அழைப்பு வந்துவிட்டது. குறுவை நெல் இன்னும் களத்தில் கிடக்கிறது. போகாமல் இருந்தால் தப்பா? (ஒரு தாய், பூவனூர்)

பதில்: போங்கள் அம்மா, ஆனால் கவர் இல்லாமல் போங்கள். மொய் நல்ல ஏற்பாடுதான். பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய்விருந்து வைத்து எத்தனையோ பேர் போர் போட்டிருக்கிறார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். வட்டியில்லாக் கடன் அது. நோட்டில் எழுதி வைத்து, முறை வரும்போது திருப்பிச் செய்வோம். ஒரு வீட்டில் கல்யாணமும் காதுகுத்தும் எத்தனை தடவை வரும்? பிறந்தநாளோ வருஷா வருஷம் வரும். அதையும் அந்த நோட்டில் ஏற்றினால் பிள்ளை காலேஜ் முடிக்கும்வரை கணக்குத் தீராது. என் காலத்தில் பிறந்த நட்சத்திரத்தன்று சந்தானராமர் கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம், அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்த தேதி பாதிப் பேருக்கு வாத்தியார் போட்டது!

தை மாதம் சம்பா பணம் கைக்கு வந்ததும் ஒரு டஜன் கலர் பென்சில் பெட்டி வாங்கிப் பரணில் வையுங்கள். மில்காரர் பிள்ளைக்கும் அதே பெட்டி, டீக்கடைக்காரர் பிள்ளைக்கும் அதே பெட்டி. வாழ்த்தை மட்டும் உங்கள் மகன் தன் கையால் எழுதட்டும்.

கேள்வி: போக முடியாததற்கு ரயில்வே கேட்டைக் காரணம் சொல்லலாமா? (நீடாமங்கலம்)

பதில்: மன்னார்குடிக் கிளை பிரியும் சந்திப்பு நம் ஊர். கேட்டில் நின்று வெயில் காயாதவர் இங்கே யார்? தாமதத்துக்குக் கேட்டைச் சொல்லுங்கள், நம்புவார்கள். போவதே இல்லை என்றால் முதல்நாளே போன் போட்டு, "இந்தத் தடவை முடியலக்கா, பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்" என்று சொல்லிவிடுங்கள். எத்தனை இலை என்று தெரியாமல் தவிக்கிற வீட்டுக்கு அது பெரிய உதவி.

கேள்வி: தெருவில் எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டார்கள், என் மகளை மட்டும் விட்டுவிட்டார்கள். அழுகிறாள். (கோவில்வெண்ணி)

பதில்: அழட்டும், தடுக்காதீர்கள். "நாம அதைவிடப் பெரிசா செய்வோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். போட்டி அங்கேதான் முளைக்கிறது. சாயங்காலம் மூணாறு தலைப்புக்குக் கூட்டிவாருங்கள். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடத்தை அவளுக்குக் காட்டுங்கள். மறுநாள் அந்தத் தோழியோடு அவள் விளையாடப் போனால் மறிக்காதீர்கள்.

கேள்வி: பேரனுக்கு முதல் பிறந்தநாள். மண்டபம் பிடிக்க வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் பிடிவாதம். (ஆலங்குடி)

பதில்: ஒரு வயதுப் பிள்ளை கேக் வெட்டும் நேரத்தில் தூங்கிப்போவான், அல்லது கூட்டத்தைப் பார்த்து வீறிடுவான். பகலில், வீட்டிலேயே, பாயசத்தோடு செய்யுங்கள். "அன்பளிப்பு வேண்டாம்" என்று அழைப்பில் போட்டால் மட்டும் போதாது; நீட்டுகிற முதல் கவரையே வாங்காமல் திருப்புங்கள். அதை வாங்கிவிட்டீர்களானால், பின்னால் வருகிறவர் வாசலிலேயே சட்டைப்பையைத் துழாவ ஆரம்பித்துவிடுவார்.