கோப்பு பத்திரமாக இருக்கிறது

எதையெல்லாம் அரசாங்கம் பூட்டி வைக்கும்? ஆயுதக் கணக்கு. அமைச்சரவைக் குறிப்பு. நம் மலேசியாவில் அதே அலமாரியில் இன்னொரு கோப்பும் இருந்தது. எத்தனை பிள்ளைகள் சீரழிக்கப்பட்டார்கள் என்ற கோப்பு. 2016-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதை எழுதியது. நாடாளுமன்றத்தில் யாராவது எழுந்து கேட்டால் ஒழிய, சிறார் மீதான பாலியல் குற்றங்களின் எண்ணிக்கையை அரசு அன்று வெளியிட்டதில்லை. அதற்குக் காவல் நின்றது அதிகாரத்துவ இரகசியச் சட்டம், 1972.

பிள்ளைகளுக்கு அப்படி ஒரு காவல் இருந்ததாகத் தகவல் இல்லை.

கணக்கும் அந்தச் செய்தியோடு வெளியே வந்தது. ஏன் பூட்டினார்கள் என்பதும் புரிந்தது. 2012 ஜனவரி முதல் 2016 ஜூலை வரை போலீசுக்குப் போன புகார்கள் 12,987. நீதிமன்றம் ஏறியவை 2,189. தண்டனையில் முடிந்தவை 140. பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கட்டும் அக்காவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கால்குலேட்டர் தேட மாட்டார். நூறு முழம் கட்டி ஒரு முழம் விற்றால் மறுநாள் கடையை மூட வேண்டியதுதான் என்பார். இவர்கள் கடையை மூடவில்லை. கணக்கு நோட்டை மூடினார்கள்.

அதே 2016, ஜூன் மாதம். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் ரிச்சர்ட் ஹக்கல் என்பவனுக்கு 22 ஆயுள் தண்டனை கொடுத்தது. ஒப்புக்கொண்ட குற்றங்கள் 71. சீரழிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இங்கே கோலாலம்பூரின் ஏழை வீட்டுப் பிள்ளைகள். தொண்டு செய்ய வந்தேன், ஆங்கிலம் சொல்லித் தருகிறேன் என்றான். வெள்ளைக்காரன் வாசலில் நின்றால் நமக்கு முதுகெலும்பு தானாக வளையும். உள்ளே வாங்க சார் என்றோம். ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருந்தான்.

அவனைத் தடம் கண்டது ஆஸ்திரேலியப் போலீஸ். 2014 டிசம்பரில் காட்விக் விமான நிலையத்தில் பிடித்தது பிரிட்டன் போலீஸ். இந்த விசாரணையில் நம்முடைய பங்கு என்ன? பிள்ளைகளைக் கொடுத்தோம்.

மானம் போனது. மானம் போனால் நமக்குச் சட்டம் வரும். 2017-இல் சிறார் பாலியல் குற்றச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது நிறைவேறிய அதே விவாதத்தில் தாசேக் குளுகோர் உறுப்பினர் ஷாபுடின் யஹாயா எழுந்தார். முன்னாள் ஷரியா நீதிபதி. ஒன்பது, பன்னிரண்டு வயதுப் பெண்ணின் உடம்பு கல்யாணத்துக்குத் தயாராக இருக்கக்கூடும் என்றார். கெடுத்தவனே அவளைக் கட்டிக்கொண்டால் அவளுக்கும் ஒரு வாழ்க்கை கிடைக்கும் என்கிற அளவுக்குப் போனார். பிறகு, என் பேச்சைத் திரித்துவிட்டார்கள் என்றார். வேலிக்குக் கம்பி கட்டுகிற இடத்திலேயே ஓணானுக்கு வழி விடச் சொன்ன பேச்சு அது. அது மட்டும் இரகசியம் இல்லை. அவைக்குறிப்பில் அச்சாகி இருக்கிறது.

அடுத்து 2024 செப்டம்பர் 11. சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 பராமரிப்பு இல்லங்களில் போலீஸ் ஒரே நேரத்தில் நுழைந்தது. கொடுமைக்கு ஆளானதாகச் சொல்லி 402 பிள்ளைகளை மீட்டது. ஒரு வயதுக் குழந்தை முதல் பதினேழு வயது வரை. 171 பேரைக் கைது செய்தது. குளோபல் இக்வான் நிறுவனத்தோடு தொடர்புடைய இல்லங்கள் என்றது. நிறுவனம் அவை எங்களுடையவையே இல்லை என்றது. சில நாளில் அதன் தலைமை நிர்வாகி காணொளியில் வந்து, ஒன்றிரண்டு சம்பவம் நடந்தது உண்மைதான், அதற்காக எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டலாமா என்று கேட்டார். ஒன்றிரண்டு! உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது என்று சமையல்காரர் சொல்வதுபோல.

நாடே அதிர்ந்தது. பொதுமக்கள் அதிரலாம். அரசாங்கம் எதற்கு அதிர்ந்தது? இவர்கள் நேற்று முளைத்தவர்களா? வேர் அல்-அர்காம் என்ற இஸ்லாமிய இயக்கம், 1994-இல் தடை செய்யப்பட்டது. 2011-இல் இதே கூட்டத்தார் ‘கீழ்ப்படியும் மனைவியர் மன்றம்’ தொடங்கியபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் சிரித்தன. ரொட்டிக் கடை, உணவகம், பேரங்காடி என்று பெயர்ப்பலகை மாட்டித்தான் வியாபாரம் நடந்தது. பலகையில் விலாசமும் இருந்தது. இல்லம் நடத்தினால் பதிவு செய், அதிகாரி உள்ளே வந்து பார்க்கலாம் என்று 1993-ஆம் ஆண்டிலேயே பராமரிப்பு மையச் சட்டம் வந்துவிட்டது. ஒரே நாளில் இருபது கதவுகளைத் தட்டத் தெரிந்த கைக்கு, அதற்கு முன் கதவுக்கு ஒரு நாள் என்று தட்ட வலித்ததா?

கேட்டுப் பாருங்கள். எந்தப் போலீஸ் பாலாயில், எந்த இலாகாவில் கேட்டாலும் ஒரே பல்லவி: ‘மாசே டாலாம் சியாசாத்தான்.’ இன்னும் விசாரணையில் இருக்கிறது. புகார் கொடுத்தபோது பால்பல் விழுந்திருந்த பிள்ளைக்கு மீசை முளைக்கும். விசாரணைக்கு மட்டும் வயதே ஆகாது.

அவர்கள் கூட்டம், அவர்கள் மதம், நமக்கென்ன என்று யாரும் தேநீரை ஆற்றிக்கொண்டு இருக்க வேண்டாம். ஒரு தீபாவளிக்குக் கிள்ளானில் ஓர் இல்லத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். டத்தோ ஒருவர் வந்தார். கதவு அகலத்துக்கு அட்டைக் காசோலை வந்தது. பிள்ளைகள் ஒரே நிற டீ-சட்டையில் வரிசையாக நின்றார்கள். சட்டையில் டத்தோ பெயர். நான் கைப்பேசியைத் தூக்கியதும் எட்டு வயது இருக்கும் ஒரு பெண் பிள்ளை என்னைக் கையால் நகர்த்தினாள். ‘அங்கிள், இப்படி நில்லுங்க. இங்கேருந்து எடுத்தாத்தான் வெளிச்சம் நல்லா வரும்.’

எத்தனை தீபாவளி, எத்தனை டத்தோ பார்த்திருந்தால் அவளுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும்!

வாசலில் வருகையாளர் நோட்டு இருந்தது. புரட்டினேன். ‘மகத்தான சேவை.’ ‘மனம் நெகிழ்ந்தது.’ ‘தொடரட்டும் உங்கள் பணி.’ ஒருவர்கூட ஒரு பிள்ளையோடு தனியாக ஐந்து நிமிடம் பேசியதாக எழுதவில்லை. நானும் பேசவில்லை. நானும் ‘மிக்க மகிழ்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பிரியாணிக்குப் போனேன்.

பெரிய ஆணையம் கேட்கவில்லை. அறிக்கை வெளியீட்டு விழாவும் வேண்டாம். அதற்கும் பிள்ளைகளை ஆடவிட்டுக் கூட்டம் சேர்ப்பார்கள். ஒரே ஒரு காகிதம் கேட்கிறோம். இல்லத்துக்குப் பதிவு உண்டா? கடைசியாக எந்தத் தேதியில் அதிகாரி வந்தார்? என்ன கண்டார்? எத்தனை புகார் வந்தது, எத்தனை நீதிமன்றம் போனது? எழுதி வாசல் கேட்டில் ஒட்டுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம், முகம் வேண்டாம். அவை இரகசியமாக இருக்கட்டும். இரகசியம் காக்க வேண்டியது அவற்றைத்தான்.

முடியாது என்று சொல்ல வேண்டாம். உணவகச் சுவரில் ஒட்டத் தெரிகிறதே! கல்லாவுக்கு மேலே ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று சுத்தத்துக்கு மதிப்பெண் தொங்குகிறது. ரொட்டி சானாய் போடும் கல் அழுக்கா என்று ஊருக்கே தெரியும். பிள்ளை படுக்கும் அறைக்கதவு உள்ளேயிருந்து பூட்டுமா, வெளியேயிருந்து பூட்டுமா என்று யாருக்கும் தெரியாது.

மாமாக் கடை ‘சி’ வாங்கினால் நான் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவேன். வெளிச்சம் எங்கே விழும் என்று சொல்லிக் கொடுத்தாளே, அவளுக்குப் பக்கத்துக் கடை கிடையாது.