குதிரையாட்டம் எந்திரிக்கிற காளை

வாப்பு, இப்படித் திண்ணையில ஒக்காரு. ஒன் அனிமேஷன் படத்தைப் பாத்துட்டேன். நாப்பது செகண்டுதானா? வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. இதுக்குத்தானா மூணு மாசமா ஒங்காத்தா நடுராத்திரியில டீ போட்டுக் குடுத்தா?

மொதல்ல நல்லதைச் சொல்லிருவோம். வாடிவாசல் நல்லா வந்திருக்கு, தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டுக்கே போய் நின்னாப்ல இருக்கு. கூட்டமும் பரவால்லை, ஆளுக்கொரு பக்கம் பாத்துக் கத்துறாங்க. நல்லது முடிஞ்சுபோச்சு.

இப்ப காளைக்கு வருவோம். கொட்டத்துல படுத்திருக்கிற மாடு எந்திரிக்குதே, அந்தக் காட்சி. முன்னங்கால் ரெண்டையும் நீட்டி ஊனி, நெஞ்சை நிமித்தி, அதுக்கப்புறம் பின்பக்கத்தைத் தூக்குது. ஏன்டாப்பா, குதிரைடா அப்படி எந்திரிக்கும்! மாடு மொதல்ல பின்பக்கத்தைத்தான் தூக்கும். முன்னங்காலு சாமி கும்பிடுறாப்ல முட்டி போட்டு ஒரு நொடி நிக்கும். பெறகுதான் ஒண்ணொண்ணா எடுத்து வைக்கும். இந்தக் கொட்டத்துப் பாலைக் குடிச்சு வளந்தவன், இருபது வருசத்துல ஒரு நாளாவது பாத்திருக்க வேணாமா? எப்படிப் பாப்பே? மாடு எந்திரிக்கிறது காலையில அஞ்சு மணிக்கு. நீ எந்திரிக்கிறது பத்துக்கு.

கேட்டா பெரிய கதை சொல்றே. ஓடுற குதிரைக்கு நாலு காலும் ஒரே நேரத்துல தரையை விட்டு எழும்புதான்னு பாக்க, மைபிரிட்ஜுன்னு ஒருத்தரு 1878ல கலிபோர்னியாவுல 12 கேமராவை வரிசையா வச்சுப் படம் புடிச்சாராம். எழும்பத்தான் செஞ்சிச்சாம். அதைப் பாத்துத்தான் நீ பழகினியாம். சரிதான். அந்தாளு குதிரை மேல சந்தேகம்னா குதிரைகிட்ட போனாரு. நீ மாட்டு மேல சந்தேகம்னாலும் குதிரைகிட்டயே போறே.

காலேஜுல அனுபவக் குறிப்பு கேட்டாங்கன்னு ஒரு நோட்டு வச்சிருக்கியே, அதையும் படிச்சேன். மொத வாரம், 'கதையை முடிவு செய்தேன்.' ரெண்டாவது வாரம், 'கதையை மாற்றினேன்.' மூணாவது வாரம், 'பொறுமையின் அருமையை உணர்ந்தேன்.' அந்த வாரம் பூரா நீ அறந்தாங்கியில கல்யாண வீட்டுல கெடந்தே. பொறுமையைப் பந்தியில உணந்தியாக்கும். ஆறாவது வாரத்துல ஒரே ஒரு வரி, 'ஃபைலைச் சேவ் செய்யவில்லை.' அம்புட்டு நோட்டுலயும் அது ஒண்ணுதான்டா நெசம். அன்னைக்கு நீ சோறு திங்காம இந்தத் தூணுல சாஞ்சு கெடந்ததை நான் பாத்தேன். வாத்தியார் கேட்டது அந்த மாதிரி வரியாத்தான் இருக்கும்.

செகண்டுக்கு 24 படம்னா நாப்பது செகண்டுக்கு 960. ஒரு படத்தையே ரெண்டு தடவை காட்டி 480ல முடிச்சிட்டேங்கிறே, ஒலகம் பூரா அப்படித்தாங்கிறே. இருக்கட்டும். நடவுலயும் அகல நட்டுட்டுக் கூலியை முழுசாக் கேக்குறவங்க உண்டு. 480ஐயும் ஒத்தையா ஒக்காந்து வரைஞ்சிருக்கே, அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

ஆனா காளை வாடிவாசலை விட்டு வர்றது பம்புசெட்டுத் தண்ணியாட்டம் ஒரே சீராவா இருக்கும்? கழுத்தை உள்ள இழுக்கும், பாரத்தைப் பின்னங்கால்ல எறக்கும், அப்புறந்தான் பாயும். டிஸ்னியில வேலை பாத்த ஃபிராங்க் தாமஸும் ஒல்லி ஜான்ஸ்டனும் 1981ல புத்தகம் போட்டு 12 விதி சொன்னாங்க, அதுல 'ஆண்டிசிபேஷன்' ஒண்ணுன்னு நீதானே சொன்னே? புலி எதுக்குப் பதுங்குதுன்னு ஒங்கப்பத்தாளைக் கேளு, வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்லுவா. அப்புறம் அந்தத் திமிலு. ஒடம்பு நின்ன பெறகும் ஒரு ஆட்டம் ஆடித்தான் அது நிக்கும். ஒன் மாட்டுக்குச் சிமெண்டுல பூசினாப்ல இருக்கு.

இதுல லாட்வியாக்காரரு பிளெண்டர்ங்கிற சாஃப்ட்வேர்ல செஞ்ச 'ஃப்ளோ'வுக்கு 2025ல ஆஸ்கார் குடுத்தாங்க, நானும் பிளெண்டர்தாங்கிறே. அந்தப் படத்துல பூனை ஒரு வார்த்தை பேசலையாமே? நீ காளைக்குப் பஞ்ச் டயலாக் எழுதி வச்சிருக்கே.

சின்னப்புள்ளையில ஒன்னைச் சித்தன்னவாசலுக்குத் தோள்ல தூக்கிட்டுப் போனேன், ஞாபகம் இருக்கா? விதானத்துல தாமரைக் குளம், மீனு, யானை, எருமை, பூப்பறிக்கிற ஆளுக. ஒம்பதாம் நூத்தாண்டு வேலைங்கிறாங்க. பாதி அழிஞ்ச பெறகும் அண்ணாந்து பாத்தா குளம் அலம்புற சத்தம் கேக்குறாப்ல இருக்கும். வரைஞ்சவனுக்கு வாய்ச்சது ஒரே ஒரு பிரேமுடா.

அதனால ஒரு ஓசனை வச்சிருக்கேன். நாளையிலேர்ந்து அஞ்சு மணிக்குக் கொட்டத்துக்கு வந்துரு. சும்மா நின்னு பாத்தா மாடு மெரளும். கையில கூடை இருந்தா மெரளாது. சாணியை அள்ளிக்கிட்டே அது எந்திரிக்கிறதைப் பாரு, தண்ணி காட்டக் கூட்டிட்டுப் போறப்ப திமிலைப் பாரு. எனக்கு இடுப்பு வலிங்கிறதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. பதினஞ்சு நாள் போதும். பொங்கல் வரைக்கும் வந்தா படம் இன்னும் நல்லா வரும்.

எனக்குக் கூலி வேணாம். கடைசியில பேரு ஓடுமே, அதுல 'காளைக்கு நடிப்புப் பயிற்சி'ன்னு எம்பேரைப் போட்டுரு. மாட்டுப் பேருக்குக் கீழ போட்டாப் போதும். அது கோவக்காரப் பய, மேல போட்டா ஒத்துக்காது.