காட்டுப்பள்ளி மணலில் லெட்டூஸ் உருளுமா?

கே: பர்கருக்குள் வைக்கிறார்களே, அந்த உருண்டை லெட்டூஸைக் கொல்லையில் திறந்த வெளியில் வளர்க்க ஆசை. விதைப் பாக்கெட்டில் ‘கிரேட் லேக்ஸ்’ என்று போட்டிருக்கிறது. பழவேற்காடும் பெரிய ஏரிதானே, வளராதா?
- காட்டுப்பள்ளி வாசகர்

ப: ஏரி பெரிதுதான். உப்புநீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவில் அதுதான். ஆனால் 1941-ல் வெளிவந்த ‘கிரேட் லேக்ஸ்’ ரகத்தின் பெயரில் இருப்பவை அமெரிக்காவின் நன்னீர் ஏரிகள். மார்கழியில் அவற்றின் கரையெல்லாம் பனி கட்டும். நமக்கு ஒரு போர்வையே அதிகம். ஆகவே தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லெட்டூஸ் வளரும், உருண்டை கட்டாது.

எல்லோரும் வெயிலைத்தான் குற்றம் சொல்வார்கள். அதற்கும் பங்கு உண்டு. மண் சூடு 30 டிகிரியைத் தாண்டினால் விதை முளைக்காமல் உறங்கிவிடும். வளர்ந்த செடியோ நடுத்தண்டை நீட்டிப் பூக்கப் பார்க்கும், இலையைக் கிள்ளினால் கசப்புப் பால் வடியும். ஆனால் மார்கழி, தையில் நம் கரையோரப் பகல் 29, 30 டிகிரிதான். நிழல்வலை கட்டிச் சமாளித்துவிடலாம். ராத்திரியை என்ன செய்வீர்கள்? இலைமேல் இலை இறுகக் கவிய வேண்டுமானால் இரவு பத்துப் பன்னிரண்டு டிகிரிக்காவது இறங்க வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அது இறங்கும். கோவைக் கலெக்டர் சல்லிவன் துரை 1820-களில் அங்கே கொண்டுபோன சீமைக் காய்கறிகள் நிலைத்ததும் அதனால்தான். சென்னைக் கரையில் தை மாத இரவே 20 டிகிரியை ஒட்டி நிற்கிறது. பகலில் கடற்காற்று தருகிற சுகத்தைக் கடல் ராத்திரியில் வட்டியோடு வசூலித்துவிடுகிறது.

சரி, ஏதோ ஓர் அதிசயத்தில் உருண்டை கட்டியது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே மூடிக் கிடக்கும் குருத்திலை காற்றுப் படாததால் நீரை ஆவியாக்குவதில்லை. ஆவியாகும் நீரோடுதான் சுண்ணாம்புச் சத்தும் மேலேறும் என்பதால் அந்த இலைக்கு அது போய்ச் சேருவதில்லை. வெளியே பச்சையாகப் பளபளக்கும் உருண்டையை வெட்டினால் உள்ளிலைகளின் ஓரம் தீய்ந்து பழுப்பாக இருக்கும். கரையோரப் புழுக்கத்தில் இந்த நோய்க்குக் கொண்டாட்டம்.

இதையெல்லாம்விடப் பெரிய வில்லன் உப்பு. மண்ணின் உப்பை அளக்கும் மின் கடத்துதிறன், மீட்டருக்கு 1.3 டெசிசீமென்ஸைத் தாண்டியதும் லெட்டூஸ் விளைச்சல் சரியத் தொடங்கும். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் 13 விழுக்காடு போகும். தக்காளிகூட 2.5 வரை தாங்கும். காட்டுப்பள்ளிக்கு ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயும் கழியும். மணலுக்கடியில் நீங்கள் தோண்டி எடுக்கும் நல்ல தண்ணீர், உப்புநீரின் மேல் மிதக்கும் ஓர் அடுக்குதான். கடல் மட்டத்துக்கு மேல் அது ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மோட்டார் போட்டு அந்த ஓரடியை இறைத்தால், கீழே நாற்பதடி உப்பு ஏறும். மீஞ்சூர்ப் பக்கம் 1960-களிலிருந்து கடல்நீர் நிலத்தடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்தது இந்தக் கணக்கின்படிதான். கடல்நீரைத் தினமும் 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலை 2010 முதல் உங்கள் ஊரிலேயே இருக்கிறதே என்பீர்கள். அது சென்னைக் குழாய்களுக்காக, லெட்டூஸுக்காக அல்ல.

கே: சூடு தாங்கும் ரகங்கள் வந்துவிட்டன. உப்பு மண் வேண்டாமென்றால் தொட்டி இருக்கிறது. வீணாகப் பயமுறுத்தலாமா?
- பொன்னேரி வாசகி

ப: சூடு தாங்கும் ரகம் பூப்பதைச் சில வாரம் தள்ளிப்போடும், உப்பையும் புழுக்கத்தையும் தாங்குவதாக அது வாக்குக் கொடுக்கவில்லை. தொட்டி யோசனை நல்லது. ஆனால் அதிலும் உருண்டை ரகத்தை விட்டுவிட்டு, இலை விரிந்து வளரும் ரகத்தைப் போடுங்கள். என் வாதமே அதுதான்: தகராறு லெட்டூஸோடு அல்ல, அந்த உருண்டையோடு. விதையை ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைத்தால் உறக்கம் கலையும். ஆழப் புதைக்காதீர்கள், முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். கார்த்திகைக் கனமழை ஓய்ந்ததும் விதைத்து, பிடித்து வைத்த மழைநீரையே ஊற்றி, ஒரு மாதம் கழித்து வெளி இலைகளை மட்டும் ஒடித்துக்கொண்டே வாருங்கள். பங்குனிக்குள் கதை முடிந்துவிடும், அதற்குமேல் ஆசைப்படாதீர்கள்.

கே: மற்ற மாதங்களில் நாங்கள் பச்சையாக எதைத்தான் தின்பது?
- பழவேற்காடு வாசகர்

ப: பருப்புக்கீரையை. மணலில் தானாக முளைக்கும், வெயிலுக்கு அஞ்சாது, லெட்டூஸைவிடப் பல மடங்கு உப்பைத் தாங்கும். லெபனானில் ‘ஃபத்தூஷ்’ என்ற சாலடில் இதைப் பச்சையாகவே போடுகிறார்கள். நாம்தான் களையென்று பிடுங்கி எறிகிறோம். லேசான புளிப்பு, மொறுமொறுப்பு, எலுமிச்சையும் வெங்காயமும் சேர்த்தால் போதும். உருண்டையே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் ஊட்டிச் சரக்கைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். எது விதைப்பதானாலும், பாக்கெட்டைப் பிரிக்கும் முன் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரைத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப்போய், உப்பு எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.