குயில் தோப்பிலிருந்து புறப்படுங்கள்

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு திரும்புகிற மாதிரி பாரிஸ் போய்வர ஆசைப்படுகிறோம். எப்படித் திட்டமிடலாம்?
- வாசகர், கருவடிக்குப்பம்

பதில்: ஷெங்கன் விசாவுக்கே சாதாரணமாக 15 நாள் ஆகும், 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடும் கேட்பார்கள். இரண்டே நாளில் போய்வந்தால் ஈஃபிள் கோபுரத்தைவிட விமான நிலையங்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். பாரிஸுக்கு ஒரு வாரமாவது ஒதுக்கி, நிதானமாகப் போங்கள்.

இந்த வாரக் கடைசிக்கு உங்கள் புதுச்சேரியையே சுற்றிப் பாருங்கள், நாலு சைக்கிள் போதும். பாரதியார் உலாவிய குயில் தோப்பும் சித்தானந்த சுவாமி கோயிலும் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன, அங்கே தொடங்குங்கள். பிறகு பிரெஞ்சு வீடுகள் நிறைந்த துய்மா வீதிக்குப் போங்கள். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். இன்றைய பிரெஞ்சு வீடுகள் எல்லாம் அதற்குப் பிறகு எழுந்தவை.

பலரும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய மனக்குறை. பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் கால்வாயைத் தாண்டி வைசியாள் வீதிக்கு அவசியம் போங்கள். கீழே திண்ணை, மரத்தூண், சாய்ந்த ஓட்டுத் தாழ்வாரம்; மாடியில் வளைவு ஜன்னல்கள். ஒரே வீட்டில் இரண்டு நாடு! பாரிஸில் தேடினாலும் இது கிடைக்காது. இந்த வீதியைச் சீரமைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். நால்வரும் கைகோத்து, சாலை முழுக்க அடைத்துக்கொண்டு நடக்கலாம்.